மீன் பாடுவதைக் கேட்டீர்களா?

எழுத ஆசைப்படும் சகோதரிகளிடம் ஒரு கேள்வி. ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ மருதமுனையிலோ இருந்துகொண்டு நம் பகுதியைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருகிறீர்கள். முதல் வரி என்னவாக இருக்கும்? அநேகமாக, "மீன் பாடும் தேன் நாடாம் மட்டக்களப்பில்..." என்றுதான் இருக்கும். சரி, மீன் பாடியதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

கேட்டவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையில் உயர் பதவியில் இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தார். நிலா எழுந்த பிறகு மீனவர்களோடு தோணியில் போய்க் காது கொடுத்துக் கேட்டார். 1859இல் வெளிவந்த தம் நூலில் அவர் சொல்லும் செய்தி இது: ஈர விரலால் மெல்லிய கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் ஓர் அதிர்வு எழுமே, அதுபோல் இருந்தது. ஒரே நீண்ட ஓசையாக இல்லாமல், பல சிறிய ஓசைகள் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்டன. தோணிப் பலகையில் காதை வைத்ததும் சத்தம் கூடியது. இன்னொரு வேடிக்கை, அந்த மீனவர்கள் ஓசைக்குக் காரணம் என்று அவருக்குச் சொன்னது மீனை அல்ல, ஊரியை!

வந்து போன அந்நியர் அவர். நாம் இந்தத் தண்ணீரின் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் அவர் எழுதியதைப் படிக்கும்போது நம் காதில் ஏதோ கேட்கிறது; "தேன் நாடு" என்று படிக்கும்போது ஒன்றும் கேட்பதில்லை. ஏன்? அவர் பலகையில் காதை வைத்தார். தாம் கேட்டதற்கு ஒப்புமை தேடியபோது எல்லோர் வீட்டிலும் கிடைக்கும் ஒரு பொருளை எடுத்தார். உங்கள் குசினியில் இருக்கும் ஒரு கண்ணாடிக் கிளாஸை எடுத்து, விரலை நனைத்து இன்றே பரீட்சித்துப் பார்க்கலாம்.

ஆகவே எழுதி முடித்ததும் ஒரு பென்சிலை எடுங்கள். நீங்கள் தேடாமலே தானாக வந்து விழுந்த சொற்களின் கீழ் கோடு போடுங்கள். நிலவு முகம், முத்துப் பற்கள், கண்ணீர் வெள்ளம், தலையில் இடி விழுந்தது போல... இவை யாரோ என்றோ உண்டாக்கியவை. உங்களுக்கு முன் ஆயிரம் பேர் பாவித்துத் தேய்ந்தவை. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் கண்டதை வையுங்கள். ஒன்றுமே காணவில்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

இது வெறும் அலங்காரப் பிரச்சினையன்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஏறாவூரிலும் கொலை நடந்தது. திகதியும் எண்ணிக்கையும் பத்திரிகைகளில் உண்டு. ஆனால் அன்று இஷாவுக்குப் போனவருக்காக எடுத்து மூடி வைத்த சோறு மறுநாள் என்ன ஆயிற்று? அதைச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டுப் பெண் மட்டுமே. அவரோ, அவருடைய மகளோ எழுத வரும்போது "ஊரே கண்ணீர் வெள்ளத்தில் மிதந்தது" என்று எழுதிவிட்டால், அந்தச் சோறு மறைந்து போகிறது. அதை வேறு எவராலும் மீட்டுத் தர முடியாது. அன்று இளம் மனைவியராக இருந்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உம்மம்மாவிடம் போங்கள். வயலிலும் வாசலிலும் நம் மூத்த பெண்கள் பாடிய கவிகளைக் கவனித்தால், அனேகமாக முதலில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள் வரும். மனதில் உள்ளது அதன் பிறகே வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கையாண்ட முறை இது! சாய்ந்தமருதுக் கவிஞர் அனார், கிழக்கிலங்கையின் நாட்டார் காதல் பாடல்களைத் தொகுத்து 2013இல் ஒரு நூல் கொண்டுவந்தார். நூலின் பெயர் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்'. புத்தகத் தமிழில் தூறல் என்று அதைத் திருத்தியிருந்தால் மழை அங்கேயே நின்றிருக்கும்.

கதைகளில் வரும் பேச்சுக்கும் இதுவே பொருந்தும். ஒரு ராத்தா தங்கையிடம், "அதன் பின்னர் என்ன நிகழ்ந்தது, சகோதரி?" என்று கேட்பாரா? "மறுகா என்னகா நடந்த?" என்றல்லவா கேட்பார்! யாழ்ப்பாணத்தவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் விளங்காதே என்று அஞ்ச வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள வரிகள் பொருளைச் சொல்லிவிடும். கதையை நடத்திச் செல்லும் வரிகள் பொதுத் தமிழில் இருக்கட்டும். வாய் திறந்தால் ஊர் பேசட்டும்.

"நான் அவ்வளவு படிக்கவில்லையே" என்போர் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தை அறிந்துகொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனவர். 1938இல் அவருடைய 'காதலா? கடமையா?' நாவல் வெளிவந்தபோது அதற்கு உ.வே. சாமிநாதையரே மதிப்புரை தந்தார். விடாமல் வாசித்தவர் அவர். வாசிக்காமல் எழுத முடியாது, அதை மட்டும் யாரும் சலுகையாகத் தரமாட்டார்கள்.

எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். கேட்பதற்கு, எழுத்து வாசனை இல்லாத ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும் இடம் நல்ல இடம். கொட்டாவி விடும் இடத்தை வெட்டுங்கள். பிறகு ஒரு கிழமை கொப்பியைத் திறக்காதீர்கள். திறக்கும்போது முதல் பந்தியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாவதிலிருந்து வாசித்துப் பாருங்கள். பல வேளைகளில் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும். கடைசிப் பக்கத்தில் கணவன் திருந்தி, மாமி திருந்தி, பக்கத்து வீட்டுக்காரியும் திருந்துகிற கதைகள் போதும் சகோதரிகளே! வாழ்க்கையில் ஒருவர் திருந்தவே எத்தனை வருடம் எடுக்கிறது!

நம் ஊர்கள் சிறியவை. மகளுக்குக் கொடுத்த வீட்டைச் சொன்னாலே எந்தக் குடும்பம் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகவே உண்மை நிகழ்ச்சியை எழுதும்போது பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீடு இருக்கும் பக்கம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒரு பெண் நம்பிச் சொன்னதை அவளிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்ப வேண்டாம். வேதனை மட்டும் மாறாமல் இருக்கட்டும்.

இந்த மாதப் பயிற்சி. சுபஹுக்குப் பிறகு வீடு எழும்ப முன், கால் மணி நேரம் வெளியே இருந்து காதில் விழுவதை எல்லாம் கேளுங்கள். பிறகு கொப்பியில் அரைப் பக்கம். உவமை ஒன்றே ஒன்று, அதுவும் உங்கள் வீட்டுப் பொருளாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி எழுத நேர்ந்தால் 'வாவி' என்று போடாதீர்கள். உங்கள் வீட்டில் அதை ஆறு என்றுதானே சொல்கிறீர்கள்?