சராசரியும் தடமும்

கிறிக்கெற் அல்லாத பிறிதொரு விளையாட்டைப் பற்றி விழாமலரில் எழுதுவது நம்மவருட் சிலருக்கு முறைகேடாகத் தோன்றலாம். ஆயினும் யான் கூறப்புகும் செய்தி ஈற்றில் நமது மைதானத்துக்கே வந்து சேரும். ஆதலாற் சற்றுப் பொறுத்தருள்க.

அமெரிக்காவிலே ரென்பின் போலிங் என்றோர் ஆட்டம் உண்டு. 60 அடிக்கு அப்பால் முக்கோணமாய் நிற்கும் பத்துக் கட்டைகளைக் கனத்த பந்தொன்றை உருட்டி வீழ்த்தல் வேண்டும். ஓராட்டத்துக்குப் பத்துச் சுற்று. சுற்றொன்றுக்கு இரண்டு எறிதல். முதலெறியிலேயே பத்தும் வீழின் அது ஸ்றைக் எனப்படும். அடுத்துவரும் இரண்டு எறிதல்களின் பயனும் அதனோடு கூட்டப்படும். பன்னிரண்டு ஸ்றைக் தொடர்ந்து போட்டவருக்கு 300 புள்ளி; அதற்கு மேல் எண் இல்லை. ஒரு சுற்றில் ஸ்றைக், மறு சுற்றில் இரண்டெறிதலிற் பத்து என மாறிமாறி, ஒரு கட்டையையும் நிற்கவிடாது ஆடி முடித்தால் மிகச் சரியாக 200 வரும். ஒரு பருவம் முழுவதும் அவ்வாறே ஆடுவதென்றால் எத்துணை அரிது! வாரந்தோறும் கூடும் லீக் ஆட்டங்களில் 200 சராசரி வைத்திருந்தவரை ஒருகாலத்தில் ஊரே அறிந்திருந்தது. இன்றோ அத்தகையோர் ஒரே மண்டபத்திற் பலர் உளர்.

மனிதரின் கைத்திறன் இத்துணை வளர்ந்துவிட்டதா? வளர்ந்தது ஒரு பங்கு; மற்றைப் பங்கு எண்ணெயும் பந்தும் செய்த உபகாரம். பலகையைக் காப்பதற்கெனத் தடத்திற் பூசிய எண்ணெயை, நடுவிற் கூடுதலாகவும் ஓரங்களிற் குறைவாகவும் பூசும் வழக்கம் மண்டபங்களிற் பரவிற்று. ஓரமாய் விலகிய பந்து வறண்ட பலகையைப் பற்றித் திரும்பி வருகின்றது. உள்ளே பிசகிய பந்தோ எண்ணெயில் வழுக்கி நேரே செல்கின்றது. பிழையாய் எறிந்த இரண்டும் சரியான இடத்துக்கே போய்ச் சேர்கின்றன. 1990களின் தொடக்கத்தில் வந்த புதிய பிசின் பந்துகள் பலகையை முன்னையவற்றினும் வலிதாய்ப் பற்றின. மண்டபக்காரரைக் குறைகூறவும் மனம் வரவில்லை. நல்ல புள்ளி பெற்றுச் சென்றவன் அடுத்த வாரமும் காசுடன் வருவான் அல்லவா? ஓரத்துச் சலுகையை நீக்கி எண்ணெயிட்ட தடத்தில் அதே ஆட்டக்காரரை இறக்கினால், சராசரி இருபது முப்பது புள்ளி சரிவது சாதாரணம்.

இதில் ஒரு மனிதரின் கதை என் நெஞ்சை உறுத்துகின்றது. 1982 யூலை 1ஆந் திகதி, கலிபோர்ணியாவின் லா ஹாப்ரா என்னும் ஊரில், கிளென் அலிசன் என்பார் லீக் ஆட்டமொன்றில் அடுத்தடுத்து 36 ஸ்றைக் போட்டு, மூன்று ஆட்டங்களில் 900 புள்ளி பெற்றார். அமெரிக்க போலிங் கொங்கிரஸ் தடத்தைச் சோதித்தது. எண்ணெய் விதிக்கமைய இல்லை என்று அச்சாதனையை ஏற்க மறுத்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1997 பெப்ருவரி 2இல், நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஜெரமி சொனன்பெல்ட் என்னும் கல்லூரி மாணவர் பெற்ற 900, முதலாவது 900 என ஏட்டில் ஏறிற்று. மாணவர்மீது குற்றமில்லை, அவரும் 36 முறை தவறாது எறிந்தவரே. ஆனால் இடைக்காலத்திற் பந்தே மாறிவிட்டிருந்தது. எண்ணெய்க்காக ஒருவரை வெளியே நிறுத்திய சங்கம், பந்து செய்த உபகாரத்தை எல்லோருக்கும் வழங்கிவிட்டது. விதிப்படி அது சரி. நியாயப்படி சரியென்று என்னாற் சொல்ல இயலவில்லை.

தாராளமான புள்ளியால் லீக்குகளாவது செழித்தனவா? றொபேட் பட்னம் என்னும் அறிஞர் காட்டிய கணக்கு வேறு. 1980 முதல் 1993 வரை போலிங் ஆடுவோர் தொகை நூற்றுக்குப் பத்து வீதம் கூடிற்று. லீக்கிற் சேர்ந்து ஆடுவோரோ நாற்பது வீதம் குறைந்தனர். புள்ளி ஏறியமையால்தான் போயினர் என்று யான் வாதிக்கவில்லை. போகிறவர்களைப் புள்ளி தடுத்துவிடவில்லை என்பதே கூறத்தக்கது.

இனி நமது மைதானம். கிறிக்கெற்றிலும் சராசரி பொய் சொல்லும். 1953இல் இங்கிலாந்து சென்ற அவுஸ்திரேலியக் குழுவின் பந்துவீச்சாளர் பில் ஜோன்ஸ்டன், கடைசியாக மட்டையெடுத்து வருபவர். அச்சுற்றுப் பயணத்தில் 17 முறை ஆடி 16 முறை ஆட்டமிழக்காது நின்று 102 ஓட்டம் எடுத்தார். சராசரி 102! துடுப்பாட்டப் பட்டியலில் அவரே முதல்வர். சகபாடிகள் சிரித்து மகிழ்ந்தனர். அவரும் உடன் சிரித்தார். ஆயினும் முழுக்கணக்கும் பக்கத்தில் அச்சாகியிருந்தமையாலன்றோ அது சிரிப்புக்குரியதாயிற்று! சராசரியை மட்டும் தனியே பொறித்திருந்தால் பிற்காலத்தவர் அவரைப் பிறட்மனுக்கு அடுத்த ஆசனத்தில் இருத்தியிருப்பர்.

விழாமலர்களில் நாம் அச்சிடும் பட்டியல்களைப் பாருங்கள்: பெயர், ஆண்டு, சராசரி. பாய் விரித்த ஆடுகளத்தில் எழும்பிய பந்துக்கு நெஞ்சைக் காட்டி நின்றவரும், செப்பனிட்ட புற்றரையில் ஆடியவரும் ஒரே நிரலில் நிற்கின்றனர். பட்டியல் தொகுக்கும் அன்பர்களை வேண்டுகின்றேன்: எத்தனை ஆட்டம், எத்தனை முறை ஆட்டமிழக்கவில்லை, பாயா புல்லா என மூன்று நிரல்களை இனிமேற் சேர்த்துவிடுங்கள். கடதாசிச் செலவு ஒரு பக்கத்துக்கு மேற் போகாது. அதனாற் சிலர் கீழிறங்க நேரின், அவருள் அடியேனும் ஒருவனாயிருப்பேன்.