கசப்பு வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே, பிறகு கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த வாரம் எழுதப் போவது ஒரு பீர் புட்டியைப் பற்றி. "குடும்பப் பத்திரிகைக்கு வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளின் சம்பளத்தை, மாதம் பிறந்த இரண்டாம் நாளே அவள் புருஷன் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்பது எனக்கும் தெரியும். குடியை மெச்ச நான் பேனா எடுக்கவில்லை. ஆனால் அந்தப் புட்டிக்குள் நம்மைச் சேர்ந்த சமாசாரம் ஒன்று இருந்தது.

போன மாதம் லண்டனில் பெரியம்மா மகள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை அத்தான் ஒரு புட்டியை மேஜைமேல் வைத்தார். மளிகைப் பொட்டலம் மாதிரிப் பழுப்புக் காகிதத்தில் லேபிள். 'கெர்னல்' என்ற பட்டறையின் பெயர், 'பேல் ஏல்' என்ற வகை, அதில் சேர்ந்த ஹாப்ஸ் பூவின் ரகம், ஆல்கஹால் 5 சதவிகிதத்துக்குச் சற்று மேல் என்ற கணக்கு, அவ்வளவுதான். பெர்மாண்ட்ஸி என்ற பேட்டையில், ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில், 2009-இல் பிறந்த சிறு பட்டறை அது. ஆரம்பித்தவர் அதற்கு முன் சீஸ் வியாபாரத்தில் இருந்தவராம்.

"ஆட்டாதே! அடியிலே ஈஸ்ட் வண்டல் இருக்கு. ரசத்தைத் தெளிவா இறுக்கிற மாதிரி விடணும்" என்றார் அத்தான். ரசம் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

மூக்கருகில் கொண்டுபோனால் பம்பளிமாஸ் தோலை உரித்த வாசனை. பின்னாலேயே நாரத்தை இலை. பழம் எதுவும் போடவில்லையாம், எல்லாம் அந்தப் பூவின் வேலை! முதல் வாயில் பிஸ்கோத்தின் லேசான இனிப்பு. அது முளை கட்டிய பார்லியினுடையது. பிறகு வந்தது கசப்பு. பாகற்காய்போல நாக்கில் அறையும் கசப்பு அல்ல. விழுங்கிய பிறகு தொண்டையருகே வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும் கசப்பு. வேப்பம்பூ ரசத்துக்குப் பழகிய நாக்கு ஆனபடியால் நான் முகம் சுளிக்கவில்லை. அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

ஹாப்ஸ் ஒரு கொடி. கூம்பு கூம்பாகத் தொங்கும் அதன் பூவில்தான் கசப்பும் மணமும் இருக்கின்றன. அதுவும் பெண் கொடியின் பூவில் மட்டுமே! ஆண் கொடியைப் பெரும்பாலான தோட்டங்களில் பிடுங்கி எறிந்துவிடுகிறார்களாம். (அத்தான் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.)

இந்தக் கசப்பு ஆதியிலிருந்தே இருந்ததல்ல. இங்கிலாந்தில் 14-ஆம் நூற்றாண்டு வரை ஏல் என்பது ஹாப்ஸ் இல்லாத பானம். அதைக் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாம் இட்லிக்கு அரைப்பதுபோல வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்பார்கள். வாசலில் ஒரு கம்பில் துடைப்பம் மாதிரித் தழைக்கட்டு தொங்கினால், இன்று ஏல் தயார் என்று அர்த்தம். விதவைக்கும் குழந்தைக்காரிக்கும் நாலு காசு பார்க்க வழி. சில நாளில் புளித்துவிடும் சரக்கு அல்லவா? பெரிய முதலாளிகள் அதைக் கிட்டங்கியில் அடுக்கவோ, வெளியூருக்கு அனுப்பவோ முடியாது.

ஹாப்ஸ் சேர்த்தால் பானம் கெடாது என்பதை ஜெர்மனியில் ஹில்டெகார்ட் என்ற மடத்துத் தலைவி 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தாள். இதையும் ஒரு பெண்பிள்ளைதான் எழுதவேண்டுமா! ஹாலந்துப் பக்கமிருந்து அந்த வழக்கம் இங்கிலாந்துக்கு வந்ததும், பீர் மாதக்கணக்கில் தாங்கிற்று. தாங்கும் சரக்குக்குப் பெரிய கொப்பரை வேண்டும், பீப்பாய் வேண்டும், கடன் கொடுக்க ஆள் வேண்டும். பெண்ணுக்கு யார் கடன் கொடுத்தார்கள்? 1600 வாக்கில் தொழில் ஏறக்குறைய ஆண்கள் கைக்குப் போய்விட்டது. ஜூடித் பென்னெட் என்ற சரித்திரப் பேராசிரியை 1996-இல் இதைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கு லண்டனில் ஹாட்ஜ்ஸன் பட்டறையார் பேல் ஏலை நம் நாட்டிலிருந்த வெள்ளைக்காரர்களுக்கே கப்பலேற்றினார்கள். கசப்பின் தயவால் அது அத்தனை கடல் தாண்டியும் பிழைத்தது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் தெரு மாவுக்கார அம்மாள்தான். மாலை 5 மணிக்குக் கதவைத் திறப்பாள். 7 மணிக்குள் பாத்திரம் காலி. இரண்டு பெண்களை அந்தக் கிரைண்டரை வைத்தே படிக்கவைத்தாள். மூன்றாம் நாள் மாவு புளித்துவிடும் என்பதுதான் அவளுக்குக் காவல். இப்போது கடைக் குளிர்பெட்டியில் தேதி அச்சடித்த பாக்கெட் மாவு உட்கார்ந்திருக்கிறது. "ஒரு வாரம் தாங்குமாமே, அப்படியா?" என்று என்னிடமே ஒருநாள் கேட்டாள். இரண்டு தடவை நானும் அதை வாங்கியிருந்ததால் பதில் சொல்ல நா எழவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை தூக்குப் பாத்திரத்துடன் அவள் வாசலில் போய் நின்றேன்.

"எங்கேம்மா பத்து நாளாக் காணோம்? நீங்களும் பாக்கெட்டுக்குப் போயிட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றாள், மாவை அள்ளிக்கொண்டே.