எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்



இது பாத்திரக் கடைக்காரர்களின் சமாச்சாரம் என்று எண்ணி மளிகை, ஜவுளி, இரும்பு வியாபார அன்பர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். பழைய சாமான் இல்லாத வீடும் இல்லை, கடையும் இல்லை. அதை என்ன செய்வது என்ற கேள்வி நம் எல்லோருக்கும் உண்டு.

சில ஆண்டுகளாகப் புதிய பழக்கம் ஒன்று பரவி வருகிறது. புதிதாக வீடு கட்டுகிறவர்களும், ஓட்டல் நடத்துகிறவர்களும் தோட்டத்தில் பழைய வீட்டுச் சாமான்களை அலங்காரமாக வைக்கிறார்கள். பித்தளை அண்டாவில் காகிதப்பூச் செடி, ஆட்டுக்கல்லின் குழியில் குருவிக்குத் தண்ணீர், தையல் மெஷினின் இரும்புக் காலின் மேல் பூந்தொட்டி வரிசை. மரக்கிளையில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். துருப்பிடித்த சைக்கிளுக்கு வண்ணம் அடித்து, கூடையில் செடி வைத்துச் சுவரோரம் சாய்த்து வைக்கிறார்கள். ஒரு வீட்டில் காபி பில்டரில் மணி பிளான்ட் தொங்குவதைப் பார்த்தோம்.

நம்மில் பெரியவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "கொல்லையில் கிடந்ததைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு அழகு என்கிறார்களே" என்று கேட்கிறார்கள். நாங்களும் அப்படிச் சிரித்தவர்கள்தான். அந்தச் சிரிப்பு எப்படி நின்றது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பழையதற்குப் புதியது

எங்கள் கடை மூன்று தலைமுறையாகப் பாத்திர மொத்த வியாபாரம் செய்கிறது. முன்பு பித்தளையும் வெண்கலமும் செம்பும்தான் சரக்கு. பெண்ணுக்குச் சீர் என்றால் அண்டா, தவலை, குடம், அடுக்கு, உருளி, வெண்கலப் பானை எல்லாம் போகும். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டித் தருவோம். பெயர் வெட்டுவதற்கென்றே உளியும் சுத்தியலுமாகக் கடை வாசலில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்.

பிறகு எவர்சில்வர் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையிலேயே தகடு உற்பத்தி தொடங்கிய பின் அதன் வேகம் இன்னும் கூடியது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், களிம்பு ஏறும் என்ற பயமும் இல்லை. வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய விடுதலை என்பதை மறுக்க முடியாது. துருத்தியும் நவச்சாரப் புகையுமாகத் தெருவில் வந்துகொண்டிருந்த ஈயம் பூசுகிறவர்கள் மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள்.

அப்போது நாம் செய்த வியாபாரம்தான் "பழையதற்குப் புதியது". பழைய பித்தளையைத் தராசில் வைத்து, ஈயத்துக்கும் பற்றவைப்புக்கும் கழிவு போட்டு, மீதி எடைக்கு எவர்சில்வர் கொடுத்தோம். தீபாவளிக்கு முன் ஒரு மாதமும், தையில் ஒரு மாதமும் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. வாங்கிய பழசையெல்லாம் லாரியில் ஏற்றி உருக்க அனுப்பினோம். குஜராத்தின் ஜாம்நகர் போன்ற ஊர்களில் அவை உருகிக் குழாய்த் திருகாகவும் மின் சாதன உதிரியாகவும் மாறின. அதில் நல்ல லாபம் பார்த்தோம். அந்த லாபத்தில் கட்டிய கட்டடத்தில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறோம்.

ஓர் அண்டாவின் கதை

2012 தீபாவளிக்கு முன் ஓர் அம்மாள் ஆட்டோவில் ஓர் அண்டாவைக் கொண்டுவந்தார். எழுபது வயதிருக்கும். பதினோரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தகடு தடிமன், விளிம்பில் ஒரு நசுங்கல்கூட இல்லை. கழுத்தில் அவருடைய மாமியாரின் பெயர் வெட்டியிருந்தது. கழிவு போக எடை கட்டி, ஒரு குக்கரும் எவர்சில்வர் டிரம்மும், மீதிக்குப் பணமும் கொடுத்தோம். கணக்கில் ஒரு பைசா குறையில்லை. அவரும் திருப்தியாகத்தான் போனார்.

அடுத்த தை மாதம் ஒரு தரகர் வந்து கிடங்கைப் பார்த்தார். உருக்கப் போகிற குவியலிலிருந்து அந்த அண்டாவையும் இன்னும் நான்கைந்து உருப்படிகளையும் தனியே எடுத்தார். எடை விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார். நமக்கென்ன, வந்தவரை லாபம் என்று கொடுத்துவிட்டோம்.

அந்த ஆண்டே உறவினர் திருமணத்துக்காகக் கடற்கரையோர ஓட்டல் ஒன்றுக்குப் போயிருந்தோம். புல்வெளி நடுவே அதே அண்டா இருந்தது. சிவப்புக் காகிதப்பூ வழிய வழியப் பூத்திருந்தது. வெட்டிய பெயர் வெளியே தெரியும்படி திருப்பி வைத்திருந்தார்கள். விசாரித்தபோது, நாங்கள் விற்ற விலையைப் போல நான்கு மடங்கு கொடுத்து வாங்கியதாகத் தெரிந்தது. தரகர் அப்படிச் சம்பாதித்துவிட்டாரே என்றுதான் முதலில் வருத்தப்பட்டோம்.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மாள் கடைக்கு வந்தார். "தம்பி, அந்த அண்டா இருக்கா? பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கு. சீர்ல எங்க மாமியார் பேர் போட்டது ஒண்ணு வைக்கணும்னு பொண்ணே ஆசைப்படுது. என்ன வெலையோ கொடுத்துடறேன்" என்றார்.

"வித்துப் போச்சும்மா" என்றோம்.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, பேத்திக்கு ஒரு குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனார். அந்த விளக்கை அடக்க விலைக்குக் கொடுத்தோம். அதனால் மனம் ஆறிவிடவில்லை.

எடையில் நாங்கள் தப்பு செய்யவில்லை. ஆனால் அந்தப் பொருளுக்கு எடைக்கு மேல் ஒரு மதிப்பு இருப்பது தொழில் தெரிந்த எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு, வீட்டிலிருந்து கொண்டுவருகிறவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும். நடுவு நிலைமை அதிகாரத்தில் வணிகருக்கென்றே ஒரு குறளை எழுதி வைத்திருக்கிறார் வள்ளுவர். நம் கடைகளில் பலவற்றில் அது சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வாங்கும்போதும் அதை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து.

வழி காட்டிய இருவர்

நாம் உருக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் வேறு விதமாக எண்ணியவர்களும் இருந்தார்கள். அகமதாபாத்தில் 1978-இல் விஷாலா என்ற கிராமிய உணவகத்தைத் தொடங்கினார் சுரேந்திர பட்டேல். கிராமத்து மக்கள் எவர்சில்வருக்காகப் பழைய பாத்திரங்களை எடைக்குப் போடுவதைக் கண்டு, உருக்கப் போகிறவற்றை வாங்கிச் சேர்த்தார். 1981-இல் அது பாத்திர அருங்காட்சியகமாயிற்று. ஆயிரக்கணக்கான பாத்திரங்கள் அங்கே இருக்கின்றன.

சண்டிகரில் பொதுப்பணித் துறைச் சாலை ஆய்வாளராக இருந்தவர் நேக் சந்த். புது நகரம் கட்ட இடித்த கிராமங்களின் கழிவுகளைக் கொண்டு 1957 முதல் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் அமைத்துவந்தார். உடைந்த வளையல், ஓடு, பீங்கான் துண்டு இவைதான் அவருடைய சரக்கு. 1976-இல் அந்த ராக் கார்டன் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2015-இல் காலமானார். தள்ளிய பொருளுக்கும் ஒரு இடம் உண்டு என்று காட்டியவர் அவர்.

நமக்குப் பக்கத்தில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் தெரியும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பித்தளையும் எனாமல் சாமானும் பீங்கான் ஜாடியும் கடை கடையாக வியாபாரமாகின்றன. எடைக்கல்லை மட்டும் வைத்து அங்கே யாரும் விலை சொல்வதில்லை.

நாம் செய்யக் கூடியவை

முதலில், வந்த பழசைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் கிடங்கில் இப்போது மூன்று குவியல். ஈயம் பூசினால் மறுபடி சமையலுக்கு ஆகும் என்பது ஒன்று. ஓட்டை விழுந்தது, அடி தேய்ந்தது, ஆனால் வடிவம் கெடாதது மற்றொன்று. இதுதான் தோட்டத்துக்கு ஏற்றது. உடைசலும் தகடுமாக இருப்பது மூன்றாவது. அது மட்டுமே உலைக்குப் போகிறது. சமைக்கத் தகுந்த பாத்திரத்தை ஓட்டை போட்டுச் செடி வைப்பதில் எங்களுக்குச் சம்மதம் இல்லை. உலைக்குப் போவதைவிடத் தோட்டத்துக்குப் போவது மேல் என்பதில் சந்தேகமும் இல்லை.

இரண்டாவது, பெயர் வெட்டிய உருப்படி எதுவானாலும் ஒரு மாதம் கிடங்கில் வைத்திருக்கிறோம். கொடுத்தவரிடம் ஒரு சீட்டு இருக்கும். மனம் மாறினால் அதே விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். "இதைத் தோட்டத்தில் வைப்பதற்கென்று வாங்குகிறார்கள் அம்மா, எடைக்கு மேல் கிடைத்தால் உங்களுக்கும் பங்கு உண்டு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிலர் அதைக் கேட்டதும், நாமே வாசலில் வைத்துக்கொள்கிறோம் என்று திருப்பி எடுத்துப் போகிறார்கள். அன்று நமக்கு ஒரு உருப்படி வியாபாரம் போகிறது. ஆனால் அவர்கள்தான் அடுத்த தீபாவளிக்கு நம் கடை தேடி வருகிறார்கள்.

"இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் பழசு கொள்முதலே நின்றுவிடும், இடமும் பணமும் முடங்கும்" என்று ஓர் அன்பர் எங்களிடம் வாதிட்டார். அதில் ஓரளவு உண்மை உண்டு. பத்தில் ஒன்று தேறினால் அதிகம். எல்லாவற்றுக்கும் நான்கு மடங்கு விலை கொடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வருவதில் ஒன்று தேறும் என்று தெரிந்தால் அதைக் கொடுத்தவரிடம் மறைக்காதீர்கள் என்கிறோம்.

எச்சரிக்கைகள்

கோயில் பெயரோ, உபயம் என்ற எழுத்தோ உள்ள விளக்கு, மணி, தட்டு எதையும் வாங்க வேண்டாம். எவ்வளவு மலிவானாலும் திருப்பி அனுப்புங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு பழமையான கலை, கைவினைப் பொருள்களுக்குப் பொருந்தும். அவற்றை விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழமை அதிகம் என்று தோன்றினால் விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

வரி விஷயத்தில், 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே பழைய பொருள் வியாபாரத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய பொருளை அப்படியே, அல்லது தன்மை மாறாமல் சிறு வேலை மட்டும் செய்து விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வரி. கொள்முதலுக்கு உள்ளீட்டு வரி எடுத்திருக்கக் கூடாது. ஆடிட்டரிடம் கேட்டுத் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கிப் போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். செடியைப் பித்தளையில் நேராக நடாமல், தனித் தொட்டியோடு உள்ளே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். உரமும் ஈரமும் பட்டால் உலோகம் அரிக்கும், வேருக்கும் நல்லதில்லை. அடியில் துளை போடாத பாத்திரத்தில் மழைநீர் நின்றால் டெங்கு கொசு முட்டையிடும். ஆட்டுக்கல், உரல் குழிகளை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்தோ துடைத்தோ, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும்.

நம் பரணில் இருப்பது

கடைசியாக, பிறர் வீட்டுச் சாமானைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டோம். நம் கடைகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தோமா? பழைய கல்லாப்பெட்டி, படி, உழக்கு, மரக்கால், கைத்தராசு எத்தனை பரண்களில் தூசி படிந்து கிடக்கின்றன! எங்கள் பாட்டனார் பிடித்த தராசின் இரண்டு தட்டுகளையும் சங்கிலியோடு கடை முற்றத்து வேம்பில் தொங்கவிட்டு, ஒன்றில் துளசியும் ஒன்றில் குருவிக்குத் தானியமும் வைத்திருக்கிறோம். பேரன்மார்கள் செய்த வேலை. வருகிற வாடிக்கையாளர்கள் நின்று பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு" என்கிறார்கள். "எடைக்குப் போட்டுடாதீங்க" என்று நாங்களே சொல்கிறோம். பாத்திரக் கடைக்காரன் இப்படிச் சொல்வதைக் கேட்டு அவர்கள் சிரிக்கிறார்கள்.

பெயர் வெட்டிய பாத்திரங்களை ஒரு மாதம் நிறுத்தி வைப்பது என்ற வழக்கத்தைப் பாத்திர வணிகர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளலாமா என்று சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் பேச வேண்டுகிறோம். ஒரு கடை மட்டும் செய்தால் அது தர்மம். ஊர் முழுக்கச் செய்தால் அது நம் தொழிலின் நாணயம்.

இது எங்கள் கருத்து. மாற்றுக் கருத்துள்ள அன்பர்கள் இதழுக்கு எழுதினால் அறிந்துகொள்ளக் காத்திருக்கிறோம்.