சொட்டைக்கும் மொட்டைக்கும் நடுவில்

2022இல் பழனி அடிவாரத்தில் என் மகளுக்கு முதல் முடி எடுத்தோம். மனைவி வீட்டு வேண்டுதல், குழந்தையோடு அப்பாவும் மொட்டை போட வேண்டும் என்று. மகள் தாய்மாமன் மடியில் கத்தி ஓய்ந்த பிறகு நான் உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் தெளித்து, புது பிளேடு மாட்டி, உச்சியிலிருந்து இழுத்துக்கொண்டே வந்த பெரியவர் பின்மண்டைக்கு வந்ததும் கையை நிறுத்தினார்.

“தம்பிக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுதா? பின்னாடி பூரா வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்கே.”

பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். மனைவியும் நின்றிருந்தாள். “ஆமாங்க” என்றேன். பெரியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சந்தனம் பூசும்போது பின்பக்கம் மட்டும் இன்னொரு கை அள்ளிப் பூசிவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அது அம்மை இல்லை. 2017இல் சென்னையில் ஒரு கிளினிக்கில் ஒன்றேமுக்கால் லட்சம் கொடுத்து நானே வாங்கிக்கொண்ட தழும்பு. பெண் பார்க்கப் போவதற்குப் பத்து மாதம் முன்பு 2,400 வேர்கள் நடப்பட்டன. யாரிடமும் சொல்லவில்லை. கட்டிக்கொண்டவளிடமும் சொல்லவில்லை.

அந்தக் கிளினிக்கின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: தையல் இல்லை, தழும்பு இல்லை. இதில் முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி பச்சைப் பொய்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பொய் எங்கே இருக்கிறது என்று தெரியும். முடி நடவில் புதிதாக ஒரு முடிகூட உருவாவதில்லை. என் தொழில் மொழியில் சொன்னால் இது காப்பி-பேஸ்ட் கிடையாது, கட்-பேஸ்ட். பின்மண்டையிலும் காதோரத்திலும் உள்ள முடிகள் ஹார்மோனுக்கு எளிதில் மசியாதவை. அவற்றை முன்னால் கொண்டுபோய் வைத்தாலும் அதே குணத்தோடு வளரும். நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஆரென்ட்ரைக் இதை 1959இல் எழுதினார். மொத்தத் தொழிலும் அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. எடுக்கும் விதம்தான் மாறியது. எஃப்யூடி முறையில் பின்மண்டைத் தோலை ஒரு பட்டையாக அறுத்து எடுத்துத் தைப்பார்கள். காதிலிருந்து காதுவரை ஒரு கோடு நிற்கும். எஃப்யூஇ முறையில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளைப்பானால் வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பார்கள். கோடு விழாது, ஆனால் எடுத்த இடமெல்லாம் ஒரு புள்ளி. 2,400 வேர் எடுத்தால் 2,400 ஓட்டை. ஆறிய இடத்தில் நிறமிகள் குறைந்து வெளுக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். சிலருக்கு அநேகமாகத் தெரியாமலே ஆறிவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோலைத் துளைத்தால் தழும்பு உண்டு. தெரிகிறதா, தெரியவில்லையா என்பது மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும். ‘தழும்பு இல்லை’ என்பதற்கு அவர்கள் அகராதியில் பொருள், ‘முடி வளர்த்துக்கொண்டால் தெரியாது’ என்பதே.

முடி இருந்தால்தானே வளர்க்க? இங்கேதான் இரண்டாவது மௌனம். நட்ட முடி நிற்கும். நடாத முடி தன் விதிப்படி உதிர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்க ஃபினாஸ்டெரைடு மாத்திரையை வருடக்கணக்கில் தொடர வேண்டும். எனக்கு எழுதித்தான் கொடுத்தார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. கல்யாணம் ஆனதும் பக்கவிளைவுக்குப் பயந்து நானே நிறுத்தினேன். அது என் முட்டாள்தனம். நாலு வருடத்தில் முன்னால் நட்டது ஒரு தீவு மாதிரி நின்றது, அதற்குப் பின்னால் வெட்டவெளி. முப்பது வயதுகூட ஆகாத, உதிர்வு எங்கே நிற்கும் என்றே தெரியாத தலையில் நேர்மையான மருத்துவர் அவசரப்பட்டுக் கை வைக்க மாட்டார். எனக்கு அப்போது 28. முதல் நாளே முன்பணம் வாங்கிக்கொண்டார்கள்.

தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. சொட்டை, மொட்டை. இரண்டுமே முடியில்லாத தலைதான். ஆனால் சொட்டை தானாக நேர்வது, மொட்டை நாமாகப் போடுவது. சொட்டை கேலிக்குரியது. மொட்டைக்கு மரியாதை உண்டு. பழனி, சமயபுரம், திருப்பதி என்று போய்வந்த தலையை யாரும் கிண்டல் செய்வதில்லை, வழிவிடுகிறார்கள். ‘சிவாஜி’ படத்தில் ரஜினி மொட்டை பாஸாக வந்தபோது திரையரங்கில் விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். சொட்டை விழுந்த தமிழனுக்கு எப்போதும் ஒரு வாசல் திறந்தே இருந்தது: ஒரு நாள் காலையில் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்துவிடலாம். அதோடு கதை முடிந்தது. அந்த வாசலைத்தான் ஒன்றேமுக்கால் லட்சம் கொடுத்து நான் சாத்திக்கொண்டேன். என் கோபம் பணத்தைப் பற்றியது அல்ல. நடவு தோற்றால் பழைய சொட்டைக்குத் திரும்பலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் முடியாது. சொட்டையாகவும் இருக்க முடியாமல், மொட்டையாகவும் ஆக முடியாமல், தொப்பி போட்டுக்கொண்டு அலுவலகம் போன இரண்டு வருடங்களுக்கு எந்த ரசீதும் கிடையாது. என் வேலையில், பழைய நிலைக்குத் திரும்ப வழி வைக்காமல் ஒரு மாற்றத்தை ஏற்றினால் மேலாளர் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். என் தலைக்கு மட்டும் அந்த விதி எனக்கு ஞாபகம் வரவில்லை.

இதற்கும் அவர்களிடம் சரக்கு இருக்கிறது. புள்ளிகளை மறைக்கத் தலையில் பச்சை குத்துவார்கள், மழித்த முடியின் நிறத்தில். நிறம் மங்க மங்கத் திரும்பப் போக வேண்டும். காயம் பண்ணினவனே களிம்பும் விற்கிறான்.

இதைப் படிக்கும் சிலர் இந்நேரம் சொல்லியிருப்பார்கள்: “உள்ளதை ஏத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானேப்பா?” நல்ல உபதேசம். ரஜினிகாந்த் மேடையில் விக் இல்லாமல் நிற்பதை எளிமை என்று கொண்டாடும் அதே வீட்டில்தான், “பையன் நல்ல வேலை, ஆனா முன்னாடி கொஞ்சம் இல்ல” என்று என் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வீடுகள். நம் படங்களில் வழுக்கைத் தலை வந்தாலே அடுத்த வசனம் நகைச்சுவை. கிளினிக்காரன் பயத்தை உண்டாக்கவில்லை. நாம் வளர்த்துவைத்த பயத்துக்கு விலை போட்டான், அவ்வளவுதான். அந்தப் பயத்தால் போன உயிரும் உண்டு. 2016இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். மருத்துவம் படித்தவரையே அந்த நாற்காலியில் உட்காரவைத்த பயத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பட்டறைகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே இந்தத் தொழிலின் லட்சணம்.

தீக்காயத்தில் முடி இழந்தவர்களுக்கும், யோசித்து, தெரிந்து, காத்திருந்து செய்துகொண்டவர்களுக்கும் இது வரம்தான். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

பழனியிலிருந்து திரும்பும் வழியில், ஒட்டன்சத்திரம் தாண்டியதும், மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். சந்தனம் காய்ந்து சட்டைக் காலரில் உதிர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“சொட்டைன்னு தெரிஞ்சிருந்தாலும் கட்டியிருப்பேங்க. அம்மைன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருக்கு.”

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் மறுபடி வளர்க்கவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை மழித்துவிடுகிறேன். புள்ளிகள் தெரிகின்றன. கேட்பவர்களிடம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் இதுவரை இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள், நான் செய்த இடத்தின் முகவரி வேண்டுமாம்.

அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கையெழுத்து வாங்கும் படிவத்தில், தமிழில், ஒரு வரி இருக்க வேண்டும்: ‘இதற்குப் பிறகு நீங்கள் மொட்டை அடித்தால் தழும்பு தெரியலாம்.’ அந்த வரி இல்லாத இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள். முன்பணம் கட்டும் முன் ஒருமுறை மொட்டை போட்டு, கண்ணாடி முன்னாலும் அலுவலகத்திலும் ஒரு மாதம் இருந்து பாருங்கள். 2021இலிருந்து அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம்கூட இல்லை. பிடிக்கவில்லையா, முடி வளர்ந்துவிடும். கிளினிக் எங்கேயும் ஓடிப்போகாது.