மீன் தொட்டியைக் குறை சொல்லும் முன் குழாயைப் பாருங்கள்

மீன் சோர்ந்து கிடக்கிறதா, தொட்டியில் பாசி படர்கிறதா, எதுவானாலும் "தண்ணியை மாத்துங்க சார்" என்பதுதான் கடைக்காரரின் முதல் மருந்து. பெரும்பாலும் சரியான மருந்துதான். ஆனால் புதிதாக ஊற்றும் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால்? இதை யோசிப்பவர்கள் குறைவு.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்குக் கடும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். அதைக் குறைக்கத்தான் தண்ணீர் மாற்றுவது.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். செப்டிக் டேங்க் கசிவும் வயலுக்குப் போடும் யூரியாவும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டைச் சேர்க்கின்றன. குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் வைத்திருக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

ஒரு சின்னக் கணக்கு. தொட்டியில் 60, குழாய் நீரில் 40 என்று வைத்துக்கொள்வோம். பாதித் தண்ணீரை மாற்றினால் 50. அடுத்த முறையும் பாதி மாற்றினால் 45. எத்தனை முறை மாற்றினாலும் 40க்குக் கீழே இறங்காது. இடையில் மீன்கள் சேர்ப்பது தனி!

இதில் வேடிக்கை என்னவென்றால், பலரும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுகிறார்கள். காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நின்று செறிவு கூடும். கரியும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் இதைத் தொடாது.

சரி, என்னதான் வழி? டெஸ்ட் கிட் வாங்கியதும் முதலில் குழாய் நீரைச் சோதிக்க வேண்டும். சில கிட்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் காட்டும், அதை 4.4 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அளவு அதிகம் என்றால் ஆர்.ஓ. நீரையோ, முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்த மழைநீரையோ சரிபாதி கலக்கலாம், 40 என்பது 20 அளவுக்கு வந்துவிடும். முழுக்க ஆர்.ஓ. நீர் மட்டும் வேண்டாம், மீனுக்குத் தேவையான தாதுக்கள் அதில் இல்லை. மீன்களையும் தீனியையும் குறைத்து, வேகமாக வளரும் நீர்ச்செடிகளை வைக்கலாம். மணிபிளான்ட்டின் வேரைத் தொட்டிக்குள் விட்டாலும் நைட்ரேட்டை உறிஞ்சும்.

இது மீனோடு முடிகிற விஷயமும் இல்லை. அதே குழாய்தான் சமையலறைக்கும் போகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. மீனுக்காகச் செய்த சோதனையில் 45க்கு மேல் காட்டினால், அந்தத் தண்ணீரை ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதும், அதுவரை கைக்குழந்தைக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதும்தான் புத்திசாலித்தனம்.