தீத்தணி எரிநெய்: ஒரு தோல்வியோடு கைவிடுவதா?

வானூர்தி வீழுங்கால் மாந்தரை மாய்ப்பது மோதல் மட்டுமன்று. மோதலின்பின் மூளும் தீயும் ஆகும். 1977 மார்ச்சு 27ஆம் நாள் தெனெரீபுத் தீவின் ஓடுபாதையில் இரு பெரும் வானூர்திகள் மோதியதில் 583 பேர் மாண்டனர். மோதலுக்குத் தப்பியும் தீக்குத் தப்பாதார் அவருள் பலர்.

தீ அத்துணை விரைந்து பரவுவதேன்? இறக்கைத் தொட்டி கிழிந்ததும், உள்ளிருக்கும் மண்ணெய் விரைகாற்றில் சிதறி நுண்பனியாகின்றது. அப்பனி பற்றிக்கொள்ளச் சிறு கனல் போதும். இதனைத் தடுக்கவே, மிக நீண்ட மூலக்கூற்று இழைகளை மண்ணெயில் கலந்து பார்த்தனர் அறிவியலார். அவ்விழைகள் நெய்யைப் பிணித்து நிற்பதால், சிதறினும் அது பருந்துளியாகவே சிதறும்.

ஆயின், இங்கொரு முரண் உண்டு. தொட்டியில் நுண்டுளியாகக் கூடாத அந்நெய், பொறிக்குள் நுண்டுளியானாலன்றி நன்கு எரியாது! ஆகவே, பொறியை அடையுமுன் இழைகளை அறுத்துவிடும் கருவியொன்றையும் பொருத்தினர்.

1984 திசம்பர் 1ஆம் நாள் கலிபோர்னிய வறண்ட ஏரியொன்றில், நாசாவும் அமெரிக்க வானூர்தி ஆட்சித்துறையும் ஆளில்லாப் போயிங் 720 ஒன்றைத் தொலைவிலிருந்து இயக்கி, வேண்டுமென்றே தரையில் மோதுவித்தன. நான்கு பொறிகளும் புதுநெய்யிலேயே இயங்கின. ஆனால் மோதல் வகுத்தபடி நிகழவில்லை. இடச்சிறகு முந்தித் தரை தொட, ஊர்தி திரும்பிச் சறுக்கிற்று. தொட்டியைக் கிழிக்க நட்டிருந்த இரும்பு, பொறியொன்றையும் பிளந்தது. பெருந்தீ மூண்டது, அணைக்க ஒரு மணிநேரத்திற்கு மேலாயிற்று. அந்நெய்யைக் கட்டாயமாக்கும் எண்ணமும் அத்தீயோடு கைவிடப்பட்டது.

இது முறையா? பொறி பிளக்கும் மோதலில் அந்நெய் தீயை அடக்காது என்பது மெய்ப்பட்டது. எம்மோதலிலும் அடக்காது என்பது மெய்ப்படவில்லை. செலவு மிகும், கருவி பழுதுறும் என்பார் கூற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், அவை மேலும் ஆய்வதற்குரிய கரணியங்களேயன்றிக் கைவிடுதற்குரியன அல்ல.

இருக்கைகட்குத் தீத்தடை உறையும், புகையிடை வழிகாட்டும் தரையோர விளக்கும் அக்காலத்தே கட்டாயமாயின. நன்றே! ஆயினும் அவை தப்பியோடச் சில நொடிகளை ஈட்டித் தருவன. தீயின் வேரை அறுப்பன அல்ல.

2015இல் கலிபோர்னியத் தொழினுட்பக் கழகத்தார், அறுந்தாலும் மீண்டும் தாமே இணையும் நெடிய இழைகளை உருவாக்கிக் காட்டினர். வழி அடைபடவில்லை என்பதற்கு அதுவே சான்று. இன்றும் பயணிகள் ஊர்திகளில் நிரப்பப்படுவது அப்பழைய மண்ணெயே. ஒரு நாள் தோல்வியைக் காட்டி உயிர்காக்கும் முயற்சியை முடக்குதல் அறிவுமன்று, அறமுமன்று.