பாட்டிக்குக் கஞ்சி ஊற்றலாமா?



டாக்டர் கைவிரித்த பிறகும், "ரெண்டு வாய் கஞ்சியாச்சும் உள்ளே போகட்டுமே" என்று பாட்டியின் வாயில் ஊற்றுகிறோம். அது பாசந்தான், ஆனால் வேண்டாம் என்பேன். கடைசி நாட்களில் பசி அடங்குவது உடம்பின் இயல்பு. விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குள் போகும், நிமோனியா வரலாம்.

ஈரத்துணியால் உதட்டை நனையுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பும் குதிகாலும் சிவந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம்.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். காது கடைசிவரை கேட்கக்கூடும். என் பாட்டி கண் திறக்காத நாளிலும், பேரப்பிள்ளைகள் பேரைச் சொன்னால் என் விரலை இறுக்குவாங்க. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பால்மரம் வெட்டி நம்மை ஆளாக்கிய கை அது. இழவு வீட்டில் மாலை போடுவதைவிட, இன்றைக்கே அந்தக் கையைப் பிடித்துக்கொள்வது மேல்.